சமையலறைக் கடிகாரம்

மார்ச் 3

நூலகர் அவர்களுக்கு,

‘அன்புள்ள’ என்று போட்டுவிட்டு உள்ளே வேறு மாதிரி எழுத எனக்கு வராது. அதனால் உங்கள் பதவியையே எழுதிவிட்டேன். போனில் கேட்டிருக்கலாம். ஆனால் போனில் பேசினால் உங்களுக்கு ஒரு ஞாபகம், எனக்கு ஒரு ஞாபகம். நடுவில் உங்கள் அண்ணனுக்கு ஞாபகமே இருக்காது. எழுத்தில் இருந்தால் நாளைக்கு யாரும் மாற்றிப் பேச முடியாது.

நேற்று உங்கள் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. பாப்பா தன் முதுகலை ஆய்வேட்டில், அவளுடைய நெறியாளரின் கட்டுரையிலிருந்து பக்கம் பக்கமாக எடுத்து எழுதியிருக்கிறாளாம். போதாததற்கு, உலகத்திலேயே இல்லாத ஓர் ஆய்வை ஆதாரமாகக் காட்டியிருக்கிறாளாம். மாதக் கடைசியில் விசாரணை. குற்றம் உறுதியானால் பட்டம் கிடையாது. உங்கள் அண்ணன் அதைப் படித்தார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார், மறுபடியும் படித்தார். என்னவோ கண்ணாடியில்தான் குற்றம் என்பதுபோல.

அந்த இல்லாத ஆய்வு எது என்று பார்த்தேன். ‘வாசலில் கடிகாரம் பத்து நிமிடம் முன்னே ஓடும் வீட்டில் சண்டை குறைவு.’ எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது நான் சொல்வது! அதைக் காகிதத்தில் ஏற்றி, ஒரு கற்பனை ஆய்வாளரின் பெயரைப் போட்டு, பொய்த் தகவலைக் கண்டுபிடிக்கும் வகுப்பு என்று அத்தனை பிள்ளைகள் முன்னால் வைத்துச் சிரிக்கச் செய்தது நீங்கள். பாப்பா அங்கே சேர்ந்த புதிதில், விடுமுறைக்கு வந்து விழுந்து விழுந்து சிரித்தபடி சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றோடுதான் உங்களிடம் பேச்சை நிறுத்தினேன்.

இப்போது அதே பொய் என் மகள் கழுத்துக்கு வந்திருக்கிறது. அதை அவள் கையில் கொடுத்தது யார்? அது பொய் என்று மேலிடத்தில் சொன்னது யார்? தாய்க்குப் பதில் மகள் என்று கணக்குத் தீர்க்கிறீர்களா? நேராகப் பதில் எழுதுங்கள்.

உங்கள் அண்ணன் மனைவி


மார்ச் 8

அன்புள்ள அண்ணி,

என்னை ‘நீங்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து எனக்கு ‘வாடி, போடி’ தான். கடிதத்தில் இருந்த எல்லா ஏச்சையும்விட அதுதான் சுருக்கென்றது.

நேராகக் கேட்டீர்கள், நேராகச் சொல்கிறேன். அது பொய் என்று சொன்னது நான்தான்.

மீதியையும் படித்துவிட்டுக் கிழியுங்கள். ஓர் ஆய்விதழில் பாப்பாவின் நெறியாளர் எழுதிய கட்டுரை ஜனவரியில் வந்தது. அதில் கடிகார ஆய்வைப் பற்றி ஒரு பத்தி. வாசகர் ஒருவர் அந்த ஆய்வின் மூலம் எங்கே கிடைக்கும் என்று கேட்க, இதழாசிரியர் எங்கள் நூலகத்துக்கு எழுதினார். கடிதம் என் மேசைக்கு வந்தது. “அப்படி ஓர் ஆய்வு கிடையாது, அது எங்கள் வகுப்புப் பயிற்சிக்காக நான் எழுதியது” என்று பதில் போட்டேன். பாப்பாவின் ஆய்வேட்டிலும் அது இருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

அதன் பிறகுதான் நெறியாளர் விழித்துக்கொண்டார். அந்தப் பயிற்சித் தாள் துறை அலுவலகத்தில் கிடந்தது, நூலகத்தை நம்பி எடுத்தேன் என்கிறார். இந்தப் பெண்ணோ என் கட்டுரையை அப்படியே சுருட்டியவள் என்கிறார். கட்டுரை ஜனவரியில் வந்தது, ஆய்வேடு பிப்ரவரியில் வந்தது. பார்க்கிறவர்களுக்கு யார் யாரைப் பார்த்து எழுதியது என்று தோன்றும்? பாப்பா தன் அத்தியாயத்தைப் போன வருடமே அவரிடம் கொடுத்துவிட்டதாகச் சொல்கிறாள். அவர் அச்சிட்ட தாளில்தான் வாங்குவாராம். வாங்கியதற்கு அத்தாட்சி இல்லை. கணினியில் இருக்கும் தேதியைக் காட்டினால், அதை யார் வேண்டுமானாலும் மாற்றலாம் என்று ஒதுக்கிவிட்டார்கள்.

அந்த வகுப்பைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே சேரும் பிள்ளைகள் தேடியதும் முதலில் வந்து நிற்பதையே உண்மை என்று எடுத்துக்கொள்கிறார்கள். அதனால் நாலு கட்டுரைகளைக் கொடுத்து, அதில் ஒன்று பொய், எது என்று சொல்லச் சொல்வேன். இதைச் சொன்னது யார், அவர் நேரில் பார்த்தாரா, சொல்வதால் அவருக்கு என்ன கிடைக்கும், அவரோடு சம்பந்தமில்லாத வேறு யாராவது இதையே சொல்கிறார்களா என்று கேட்கப் பழக்குவேன். வகுப்பு முடிந்ததும் தாள்களைத் திரும்ப வாங்கிவிடுவேன். துறை அலுவலகத்தில் கிடக்க வழியில்லை. நெறியாளர் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

பாப்பா சொல்வதிலும் முழு நம்பிக்கை இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஹாஸ்டலுக்குப் போய்க் கேட்டேன். “அத்தை, நீங்க இதுல தலையிடாதீங்க” என்று கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டே பேசி அனுப்பிவிட்டாள்.

அன்புடன்


மார்ச் 12

நூலகர் அவர்களுக்கு,

கிழிக்கவில்லை. பத்திரமாக வைத்திருக்கிறேன்.

உங்கள் வகுப்புக் கேள்விகள் எனக்குப் புதிதில்லை. பாப்பா அவற்றை எழுதி எங்கள் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறாள். தினமும் தண்ணீர் எடுக்கும்போதெல்லாம் படிக்கிறேன். அதனால் உங்களையே அந்தக் கேள்விகளைக் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

சொல்வதால் அவருக்கு என்ன கிடைக்கும்? உங்களுக்குத் தலைமை நூலகர் பதவி வரப்போகிறது என்று உங்கள் அண்ணன் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அதைத் தீர்மானிக்கும் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று நான் விசாரித்தேன். நான் வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களில் உங்கள் பல்கலைக்கழகத்து ஆள் ஒருவர் உண்டு. அவருக்கு வாய் திறந்திருக்கும்போது கேட்டால் பதில் வராது, அதனால் கொப்பளித்து முடிக்கும்வரை காத்திருந்து கேட்டேன். அந்தக் குழுவில் பாப்பாவின் நெறியாளரும் இருக்கிறாராமே! உங்கள் கடிதத்தில் இதைக் காணோம். மறந்துவிட்டீர்களா?

பாப்பாவிடம் போனில் கேட்டேன். “அம்மா, என்னை நம்புங்க” என்றாள், அவ்வளவுதான். நம்பு என்று சொல்கிறவர்களைத்தான் முதலில் சந்தேகப்படச் சொல்லிக்கொடுத்திருக்கிறீர்கள். பெற்ற பெண்ணையே அப்படிப் பார்க்க வைத்துவிட்டீர்கள்.

அந்த ஆளின் கட்டுரையையும் பாப்பாவின் பக்கங்களையும் ஜெராக்ஸ் எடுத்து அனுப்புங்கள். நீங்கள் சொல்லும் சுருக்கம் வேண்டாம். மூலம் வேண்டும்.

உங்கள் அண்ணன் மனைவி


மார்ச் 16

அன்புள்ள அண்ணி,

மூலம் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான். இத்தனை நாளாகியும் விசாரணைக் குழுவில் ஒருவரும் கேட்கவில்லை. இரண்டையும் இத்துடன் வைத்திருக்கிறேன்.

ஆமாம், பதவியைத் தீர்மானிக்கும் குழுவில் அந்த நெறியாளர் இருக்கிறார். எழுதினால் நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்று தெரிந்துதான் எழுதவில்லை. எழுதாததால் அதையே நினைத்துவிட்டீர்கள். அந்தப் பதவி எனக்கு வேண்டாம் என்று பொய் சொல்ல மாட்டேன், ஆசைதான். ஆனால் அதற்காகப் பாப்பாவை விட்டுக்கொடுப்பேன் என்று நினைத்தீர்களே, அதுதான் தாங்கவில்லை. அவளுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டவள் நான்.

என்னைச் சாட்சியாக எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று விசாரணைக் குழு சொல்லிவிட்டது. சொந்த அத்தை, அதோடு அந்தப் பொய்யை எழுதியவளே நான். இரண்டும் நியாயமான காரணம்தான், அதுதான் எரிச்சல்.

இனி என் சந்தேகத்தைக் கேளுங்கள். அந்த வகுப்பில் பொய்க் கட்டுரையைக் கண்டுபிடித்து முதலில் கை தூக்கியவள் பாப்பா. உங்கள் வாக்கியத்தைப் பார்த்ததும் தெரியாமலா இருக்கும்? அப்படியிருக்க, அதையே உண்மையான ஆய்வு என்று தன் ஆய்வேட்டில் ஏன் எழுதினாள்? அவள் ஏமாறுகிற பெண் இல்லை. இதில் என்னவோ இருக்கிறது.

இன்னொன்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தபோது ஓரிடத்தில் நின்றுவிட்டேன். சிவப்பில் கோடு போட்டிருக்கிறேன். ‘வாசல் கடிகாரத்தை முன்னே வைத்த வீடுகளிலும், சமையலறைக் கடிகாரம் மட்டும் சரியான நேரத்திலேயே வைக்கப்பட்டிருந்தது.’ பாப்பாவின் பக்கத்திலும் இருக்கிறது, அவருடைய கட்டுரையிலும் இருக்கிறது. அவர் அதற்கு முன்னால் ‘எமது களஆய்வில்’ என்று சேர்த்திருக்கிறார். ஆனால் என் வகுப்புத் தாளில் சமையலறைக் கடிகாரமே கிடையாது. உங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் வாசல் கடிகாரத்தைத் திருத்தி வைத்து உங்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்வேனே, எனக்குத் தெரிந்தது அந்த ஒரு கடிகாரம்தான். இந்த இரண்டாவது கடிகாரம் எங்கிருந்து வந்தது?

அன்புடன்


மார்ச் 20

நூலகர் அவர்களுக்கு,

ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையில் உட்கார்ந்து அந்தச் சிவப்புக் கோட்டைப் படித்தேன். ஒருவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு எதிரே நிற்கிறார், நான் “களமாம், களம்!” என்று கத்திவிட்டேன். பாவம், அவர் வலியை மறந்து என்னைப் பார்த்தார்.

அது என் வீடு. என் சமையலறை. உங்கள் தாளில் அது இல்லாமல் போனதற்குக் காரணமும் எனக்குத் தெரியும், அதை இப்போது சொல்ல மாட்டேன். அந்த நெறியாளர் எங்கள் வீட்டு வாசலைக்கூட மிதித்ததில்லை. பாப்பா எழுதியதிலிருந்துதான் எடுத்திருக்க வேண்டும். இது எனக்குப் புரிகிறது. குழுவுக்கு யார் புரிய வைப்பது?

நீங்கள் நினைப்பது தெரிகிறது. நான் வர வேண்டும். அந்த நீள மேசைக்கு முன்னால் நின்று, “ஐயா, இந்த அபத்தத்தைச் சொன்னது நான்தான்” என்று ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் தடவை பிள்ளைகள் சிரித்தார்கள், இந்தத் தடவை பேராசிரியர்கள் சிரிப்பார்கள். சிவப்புக் கோடு போட்டு அனுப்பியதே அதற்குத்தானா என்றுகூடத் தோன்றுகிறது.

என்னை மட்டும் ஏன் இரண்டு பேரும் எடுத்து எடுத்துப் பயன்படுத்துகிறீர்கள்? முதலில் நீங்கள், இப்போது நான் பெற்ற பெண்ணும். நான் படித்தது குறைவுதான். வீட்டில் நான் சொல்வதெல்லாம் உங்களுக்கு வேடிக்கையாக இருக்கும்.

நான் வரவில்லை. உங்கள் அண்ணனை அனுப்புகிறேன்.

உங்கள் அண்ணன் மனைவி


மார்ச் 23

அண்ணி,

அண்ணனை அனுப்பாதீர்கள். அந்த வீட்டில் எத்தனை கடிகாரம் இருக்கிறது என்று கேட்டால் உங்களைத்தான் திரும்பிப் பார்ப்பார்.

அந்த வகுப்பில் என்ன நடந்தது என்று நீங்கள் ஒரு தடவையும் என்னைக் கேட்கவில்லை. பாப்பா சிரித்ததை மட்டும் பார்த்தீர்கள். பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் கடிகாரக் கட்டுரையைத்தான் உண்மை என்று குறித்திருந்தார்கள். மற்ற மூன்றும் நிஜமான ஆய்வுகள், அவற்றில் ஒன்றைப் பொய் என்று தள்ளிவிட்டார்கள். உங்கள் வாக்கியம்தான் அவர்களுக்கு மிகவும் நம்பும்படி இருந்தது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்று ஒரு பெண் எழுந்து வாதாடினாள். கடைசியில் அவர்கள் சிரித்தது தங்களைப் பார்த்து.

உங்களைக் கேட்காமல் எழுதியது தப்புதான். அதற்கு என்னை என்ன வேண்டுமானாலும் திட்டுங்கள், ஆனால் முப்பதாம் தேதி விசாரணைக்குப் பிறகு.

என்னை நம்ப வேண்டாம். அந்த வகுப்பில் இருந்த யாரையாவது கேட்டுச் சரிபார்த்துக்கொண்டு பிறகு முடிவு செய்யுங்கள். காலை பத்து மணிக்கு, நிர்வாகக் கட்டடம், மாடியில். பெற்றோர் கூட வரலாம் என்று விதியில் இருக்கிறது.

பயமாக இருக்கிறது அண்ணி. இங்கே யாரும் என்னோடு டீ குடிக்கக்கூட வருவதில்லை.


ஏப்ரல் 2

அடியே,

உன்னை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்களே, உள்ளே நடந்ததை யார் உனக்குச் சொன்னாலும் அரைகுறையாகத்தான் இருக்கும். நான் நேரில் பார்த்தவள், நான் எழுதுகிறேன். அன்றைக்கு மாடிப்படியில் உன்னைப் பார்த்தும் பேசாமல் போனது கோபத்தில் இல்லை. வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று பயம்.

முதலில், சரிபார்த்தேன். பாப்பாவோடு சேர்ந்து, பாதியில் படிப்பை நிறுத்திய பெண் ஒருத்தி இப்போது எங்கள் தெருவுக்குப் பக்கத்து வங்கியில் வேலை பார்க்கிறாள். கேட்டதும், “அந்தக் கடிகாரமா ஆன்ட்டி? நான் உண்மைன்னுதான் போட்டேன், இன்னிக்கும் எங்க வீட்டுல முன்னாடிதான் வைக்கிறோம்” என்றாள். அதன் பிறகுதான் பஸ் ஏறினேன்.

குழுவில் ஐந்தாறு பேர். நடுவில் தலைவராக ஓர் அம்மாள். நெறியாளர் ஒரு பக்கம், பாப்பா ஒரு பக்கம். நான் எழுந்து, “இந்தக் கடிகார விஷயம் நான் சொன்னதுங்க” என்றேன்.

“ஆதாரம் இருக்காம்மா?” என்றார் தலைவர்.

“ஆதாரமெல்லாம் இல்லைங்க. நான் வீட்டுல சொல்றது. எங்க ஆஸ்பத்திரியில கடிகாரத்தை முன்னாடி வெச்சதும், லேட்டா வர்றவங்க சண்டை போடாம மன்னிப்புக் கேட்டுக்கிட்டே வந்தாங்க. அதை வீட்டுலயும் செஞ்சேன். ஆராய்ச்சின்னு நான் எங்கேயும் அச்சடிக்கலை. அச்சடிச்சவர் அவர்.”

ஒருவர் சிரித்தார். சிரிக்கட்டும் என்று இருந்தேன்.

“நூலகர் சொல்லிக்கொடுத்து வந்தீங்களா?” என்று இன்னொருவர் கேட்டார். “நாங்க சண்டைக்காரங்கங்க. எழுதிக்கிட்ட கடிதமெல்லாம் பையில இருக்கு, நான் எழுதினதுக்கும் நகல் வெச்சிருக்கேன், படிங்க” என்று எடுத்து நீட்டினேன். தலைவர் என் முதல் கடிதத்தைப் படித்தார், போதும் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பிறகு நெறியாளர் பேசினார். ஏற்ற இறக்கத்தோடு நன்றாகத்தான் பேசினார். பல வீடுகளுக்குப் போனாராம், எல்லாவற்றிலும் வாசல் கடிகாரம் முன்னே, சமையலறைக் கடிகாரம் சரியாக இருந்ததாம். நான் கையைத் தூக்கினேன். “சார், ஒண்ணே ஒண்ணு. சமையலறையில மட்டும் ஏன் சரியா வெச்சிருந்தாங்க? அந்த வீடுகள்ல கேட்டீங்களா?”

கட்டுரையிலும் காரணம் இல்லை, பாப்பாவின் பக்கத்திலும் இல்லை. அதைக் கவனித்துவிட்டுத்தான் போனேன்.

அவர் கொஞ்சம் யோசித்து, “சமையல் செய்யறவங்க வெளியே கிளம்ப வேண்டிய அவசியம் இல்லையே” என்றார். தலைவர் அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார். அவரும் காலையில் சமைத்துவிட்டுத்தான் வந்திருப்பார்.

“நான் சமைச்சுட்டு எட்டு மணிக்கு வேலைக்குக் கிளம்புறவங்க” என்றேன். தலைவர் பாப்பாவைப் பார்த்து, “உனக்குக் காரணம் தெரியுமா?” என்று கேட்டார். நான் ஒரு தடவைதான் அவளிடம் சொல்லியிருக்கிறேன், அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது.

பாப்பா எழுந்து நின்றாள். “வீட்டுல ஒரு கடிகாரமாவது உண்மையைச் சொல்லணும். இல்லைன்னா மத்தது எவ்வளவு பொய் சொல்லுதுன்னே தெரியாமப் போயிடும். அம்மா அப்படித்தான் சொன்னாங்க.”

நெறியாளர் கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

மற்றதையெல்லாம் பாப்பா அப்புறம் அங்கேயே சொன்னாள். அவளுக்கு முன் படித்த ஒருத்தியின் பக்கங்கள் அந்த ஆளின் பெயரில் வந்ததைப் பார்த்து, அவளுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. அதனால் தன் அத்தியாயத்தில் வேண்டுமென்றே நம் கடிகாரத்தை வைத்தாள். காரணத்தை மட்டும் எழுதாமல் விட்டாள். அவர் மூலத்தைத் தேடியிருந்தால் பொய் என்று தெரிந்து அவளைக் கூப்பிட்டுத் திட்டியிருப்பார். தேடவில்லை. அப்படியே எடுத்துக்கொண்டார். நம்மிடம் ஏன் சொல்லவில்லை என்று தலைவர் கேட்டதற்கு, “அவங்க ரெண்டு பேரும் பேசிக்கிறதில்லை. தனித்தனியா ஒரே விஷயத்தைச் சொன்னாத்தானே சாட்சி” என்றாள். நம் சண்டையை நம்பித் திட்டம் போட்டிருக்கிறாள்! இது உன் வளர்ப்பா, என் வளர்ப்பா என்று தெரியவில்லை.

அந்த ஆளின் கட்டுரையைத் திரும்பப் பெறச் சொல்லி இதழுக்கு எழுதுகிறார்கள். அவர் மீது தனி விசாரணை. பாப்பாவும் பொய் என்று தெரிந்தே எழுதியவள்தான். அந்தப் பகுதியை எடுத்துவிட்டு, வேறு நெறியாளரிடம் அடுத்த பருவத்தில் கொடுக்க வேண்டும். பட்டம் தள்ளிப்போகிறது, ஆனால் போகவில்லை. எனக்கு அது போதும்.

வெளியே வந்ததும் அவளை ஓரமாக இழுத்துக்கொண்டு போய்க் கேட்டேன். “ஏன்டி, உலகத்துல எத்தனையோ பொய் இருக்கு. உனக்கு என் வாக்கியம்தானா கிடைச்சுது?”

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “நான் படிச்சதுல எது எங்கேயிருந்து வந்துதுன்னு யாராலயும் உறுதியா சொல்ல முடியாதும்மா. நீங்க சொன்னது ஒண்ணுதான், சொன்ன வாயை நானே பார்த்தது.”

இதையும் நீ நம்ப வேண்டாம். அவளையே கேட்டுச் சரிபார்த்துக்கொள். அப்புறம் லீவு போட்டுவிட்டு இங்கே வா. இத்தனை வருடமாக வருகிறாய், வாசல் கடிகாரத்தைத் திருத்திவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படிப்பாய், ஒரு தடவை உள்ளே வந்து டம்ளர் கழுவியதில்லை. அதனால்தானடி உன் தாளில் அந்தக் கடிகாரம் இல்லாமல் போனது. இந்த முறை வாசலில் நிற்காதே, நேரே சமையலறைக்கு வா.

அண்ணி